கெம்பஸ் இலவசம்தானே, அப்புறம் காசு எதற்கு?

பல்கலைக்கழக அனுமதிக்கான உயர்தரப் பரீட்சை வெட்டுப்புள்ளி வெளியாகும் நாட்களில் மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பசறை பக்கம் போனால் சில பேச்சுகள் தவறாமல் காதில் விழும். "கெம்பஸ் கிடைத்துவிட்டது, இனி எல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்பார் ஒருவர். "மகாபொல உதவித்தொகை எடுத்தால் பிறகு திருப்பிக் கட்ட வேண்டுமாம்" என்பார் இன்னொருவர். "நுவரெலியாவுக்குத் தனிக் கோட்டா இருக்கிறது, நம்ம பிள்ளைகளுக்கு அது சுலபம்" என்று மூன்றாமவர் சொல்வார். மூன்றுமே தவறு.

இவற்றால் உண்மையான பாதிப்பு உண்டு. திருப்பிக் கட்ட வேண்டுமோ என்ற பயத்தில் விண்ணப்பிக்காமல் விட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லாம் இலவசம் என்று நம்பி ஒரு பையோடு புறப்பட்டு, இரண்டாம் மாதத்தில் சாப்பாட்டுக்குத் தவித்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## சம்பளச் சீட்டில் தெரியும் மூன்று வகை

தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு குடும்பத்துக்கு நிர்வாகத்திடமிருந்து என்னென்ன கிடைக்கிறது என்று யோசியுங்கள். லயன் வீட்டுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வாடகை இல்லை. அது பெரிய உதவி, ஆனால் கையில் ஒரு ரூபாவும் வராது. கட்ட வேண்டிய ஒன்றைக் கட்டாமல் இருக்கிறோம், அவ்வளவுதான். தீபாவளிக்கு அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். அது கையில் வரும், துணிமணி வாங்கலாம். ஆனால் அடுத்தடுத்த மாதச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வார்கள். மூன்றாவது, குறிப்பிட்ட நாட்கள் வேலைக்கு வந்தால் தரும் வரவுக் கொடுப்பனவு. நிபந்தனையை நிறைவேற்றினால் அது உங்கள் காசு, யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள்.

உயர்கல்விக்கு அரசு செய்யும் உதவியும் இந்த மூன்று வகையில்தான் வருகிறது. கட்டணம் வாங்காமல் விடுவது கட்டண விலக்கு. அரச பல்கலைக்கழகத்தில் படிப்பு இலவசம் என்பது இதுதான். நிபந்தனையோடு கையில் தந்து திருப்பிக் கேட்காதது உதவித்தொகை. பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொலவும் பர்சரியும் இந்த வகை. இப்போது தந்து பிறகு வாங்கிக்கொள்வது கடன். வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் இதில் சேரும்.

கோட்டா, அதாவது மாவட்ட ஒதுக்கீடு, இந்த மூன்றிலும் சேராது. அது பணமே இல்லை. உள்ளே நுழைவதற்கான இடத்தை எப்படிப் பங்கிடுவது என்ற விதி.

ஆகவே எந்த உதவியைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தச் செலவுக்கு இது? திருப்பிக் கொடுக்க வேண்டுமா? எப்போது கைக்கு வரும்? மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. மலையகத்துக்கு மிக முக்கியமானது அதுதான் என்பது என் எண்ணம்.

## இலவசம் எதுவரை?

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம்வரை கல்விக் கட்டணம் இல்லை என்பதே அதன் சாரம். இன்றும் அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரியாகப் பட்டம் படிக்கும் மாணவர் விரிவுரைக்கோ பரீட்சைக்கோ ஆய்வுகூடத்துக்கோ பெரிய கட்டணம் எதுவும் கட்டுவதில்லை. பல நாடுகளில் குடும்பங்கள் வீட்டை அடகு வைத்துக் கட்டும் தொகை அது. இந்த ஏற்பாட்டை யாரும் சாதாரணமாக நினைக்கக் கூடாது.

மலையகத்துக்கு அது தாமதமாகவே வந்து சேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1945இல் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தன. பல இடங்களில் ஓர் ஆசிரியர், ஓர் அறை. அவற்றை அரசு பொறுப்பேற்றது 1970களிலும் அதற்குப் பிறகும்தான். இடையில் 1948 பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலான தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. அந்தப் பிரச்சினை சட்டத்தின் மூலம் முழுமையாகத் தீர்க்கப்பட 2003 ஆகிவிட்டது. நாட்டின் பிற பகுதிகளில் மூன்றாம் தலைமுறை பட்டதாரிகள் இருக்கும்போது, நம் லயன்களில் இன்னும் முதல் தலைமுறை பட்டதாரியைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் இதுதான்.

சரி, இலவசத்துக்குள் அடங்காதவை எவை? பேராதனை கிடைத்தால் ஓரளவு பக்கம். யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, ஒலுவில் என்று கிடைத்தால் போகவே ஒரு நாள். பஸ் செலவு, விடுதி கிடைக்காவிட்டால் அறை வாடகை, அந்த அறைக்கு முன்பணம், மூன்று வேளைச் சாப்பாடு, போட்டோகொப்பி, டேட்டா, இப்போதெல்லாம் மடிக்கணினி. விடுதி வசதி எல்லா வருட மாணவருக்கும் எப்போதும் கிடைப்பதில்லை. இவை எதையும் கட்டண விலக்கு தொடுவதில்லை. இதற்காகத்தான் உதவித்தொகை.

## மகாபொலவும் பர்சரியும்

மகாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நம்பிக்கை நிதியம் 1981இல் ஒரு சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டது. அப்போது வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலி இதை உருவாக்கினார். மகாபொல கண்காட்சிகளிலும் லொத்தரிலும் கிடைத்த வருமானத்தைச் சேர்த்து முதலிட்டு, அதன் பயனை மாணவருக்குக் கொடுப்பதே யோசனை. இன்று அரசின் பங்களிப்பும் அதோடு சேர்கிறது.

இது கடன் இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். படிப்பை முடித்த பிறகு யாரும் இதைத் திருப்பிக் கேட்கமாட்டார்கள்.

எல்லாருக்கும் கிடைப்பதும் இல்லை. ஒரு சிறு பங்கு உயர்தரத்தில் மிகச் சிறந்த புள்ளி எடுத்தவர்களுக்குத் திறமை அடிப்படையில் போகும். பெரும்பங்கு, தெரிவான மாணவர்களுக்குள் குடும்ப வருமானத்தையும் வசதிக்குறைவையும் பார்த்துப் பகிரப்படும். மகாபொல கிடைக்காத, ஆனால் உதவி தேவைப்படும் மாணவருக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பர்சரி வழங்குகிறது. (1978 சட்டத்தின் கீழ் அமைந்த இந்த ஆணைக்குழுதான் அனுமதியையும் பார்க்கிறது.) ஒருவருக்கு இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

தொகை? 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், பர்சரி 4,000இலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தப்பட்டன. தொகை காலத்துக்குக் காலம் மாறும். அமைப்பு மாறவில்லை. வருடத்துக்குப் பத்துத் தவணைதான், பன்னிரண்டு இல்லை. 7,500 வீதம் பத்துத் தவணை என்றால் வருடத்துக்கு 75,000 ரூபா. அதைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பகிர்ந்தால் மாதம் 6,250. தோட்டத் தொழிலாளருக்குச் சம்பளச் சபை 2024இல் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் ஒரு தவணை ஐந்தரை நாள் கொழுந்து பறிக்கும் சம்பளத்துக்குச் சமம். இல்லாததைவிட நிச்சயம் மேல். ஆனால் ஒரு மாதச் சாப்பாட்டையும் அறையையும் இதை வைத்து மட்டும் சமாளிக்க முடியாது.

நிபந்தனைகளும் உண்டு. விரிவுரைக்கு ஒழுங்காக வர வேண்டும், ஒரு வருடத்தில் தேறி அடுத்த வருடத்துக்குப் போக வேண்டும். சனி, ஞாயிறு வேலைக்குப் போகலாம் என்று தொடங்கி வாரநாள் விரிவுரைகளையும் விடும் மாணவர் இருக்கிறார்கள். வேலையால் வரும் காசைவிட உதவித்தொகையால் போகும் காசு கூடுதலாகிவிடலாம்.

விண்ணப்பத்தில் நம் வீடுகளில் அதிகம் தடுமாறும் இடம் வருமானக் கட்டம். தோட்டச் சம்பளம் ஒரே சீராக வருவதில்லை. கொழுந்து குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். மழைக்காலம் ஒரு கணக்கு, வறட்சி இன்னொரு கணக்கு. சம்பளச் சீட்டில் மேலே தெரியும் தொகைக்கும் கையில் வரும் தொகைக்கும் இடையே ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், சங்கச் சந்தா, அட்வான்ஸ் என்று கழிவுகள் வரிசையாக இருக்கும். படிவம் கேட்பது கழிவுக்கு முந்திய தொகையையா, பிந்திய தொகையையா என்று வாசித்துவிட்டு எழுதுங்கள். ஒரு நல்ல மாதத்தின் சீட்டை மட்டும் காட்டி அதைப் பன்னிரண்டால் பெருக்குவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். வருடம் முழுக்க உள்ள சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். கிராம சேவகரும் பிரதேச செயலகமும் உறுதிப்படுத்த அவைதான் ஆதாரம்.

சுருக்கமாக: மகாபொலவும் பர்சரியும் திருப்பித் தர வேண்டாதவை, தேவையைப் பார்த்துத் தரப்படுபவை, செலவின் ஒரு பகுதியை மட்டுமே தாங்குபவை.

## கோட்டா யாருக்கு?

இனி மிக அதிகமாகத் தவறாகப் பேசப்படும் விடயம். அதற்கு முதலில் இசட் புள்ளியைப் புரிந்துகொள்ள வேண்டும்.

உயர்தரத்தில் எல்லாப் பாடமும் ஒரே கடினம் இல்லை. ஒரு பாடத்தில் 65 எடுப்பது பெரிய விடயம், இன்னொன்றில் 74 எடுப்பதும் சாதாரணம். நேரடியாகக் கூட்டினால் கடினமான பாடம் எடுத்தவர் பாதிக்கப்படுவார். அதனால் 2001 முதல் இசட் புள்ளியைப் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பாடம் எழுதிய எல்லாருடைய சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறீர்கள் என்பதைச் சொல்லும் அளவு அது.

ஒரு பாடத்தின் சராசரி 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகள் அந்தச் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் எண்ணுக்கு நியம விலகல் என்று பெயர். அது 10 என்போம். 65 எடுத்தவர் சராசரியைவிட 15 மேலே. 15ஐ 10ஆல் வகுத்தால் 1.5. இன்னொரு பாடத்தில் சராசரி 70, நியம விலகல் 8. அங்கே 74 எடுத்தவருக்கு 4ஐ 8ஆல் வகுக்க வருவது 0.5தான். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளின் சராசரியே உங்கள் இறுதி இசட் புள்ளி. ஒரு கற்கைநெறிக்குக் கடைசியாக இடம் பெற்றவரின் இசட் புள்ளிதான் வெட்டுப்புள்ளி.

இப்போது இடப் பங்கீடு. மருத்துவம், பொறியியல் போன்ற பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் நாடு முழுவதற்குமான திறமை வரிசைப்படி போகும். 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் மக்கள்தொகை விகிதப்படி. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று அறிவிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. ஆயிரம் இடங்கள் என்றால் 400, 550, 50. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. கண்டி, மாத்தளை, கேகாலை இல்லை.

இதிலிருந்து சில விடயங்கள் தெளிவாகின்றன. கோட்டா மாவட்டத்துக்கானது. லயனில் பிறந்தவரா, டவுனில் பிறந்தவரா, தமிழ் மொழிமூலமா, சிங்கள மொழிமூலமா என்று அது பார்ப்பதில்லை. நகரத்தின் பெரிய பாடசாலையில் டியூஷனோடு படித்தவரும், தோட்டத்து டிவிசனிலிருந்து மூன்று மைல் நடந்து வந்து படித்தவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். தெல்தோட்டையிலோ ரத்தோட்டையிலோ உள்ள தோட்டப் பிள்ளை கண்டி, மாத்தளை மாவட்டக் கணக்கில் போட்டியிடுகிறார். அவருடைய லயன் நுவரெலியாவில் உள்ள லயனைவிட எந்த விதத்திலும் வசதியானது இல்லை.

அடுத்தது இன்னும் ஆழமான சிக்கல். கலைப்பிரிவுக்கு இந்த மாவட்டப் பங்கீடு பெரும்பாலும் பொருந்தாது, அங்கே அகில இலங்கைத் திறமை வரிசைதான். பங்கீட்டின் பயன் முக்கியமாக விஞ்ஞானம், கணிதம், வர்த்தகம் போன்ற பிரிவுகளில்தான். உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருப்பது 1ஏபி வகைப் பாடசாலைகளில் மட்டும். 1சி பாடசாலையில் உயர்தரம் உண்டு, விஞ்ஞானம் இல்லை. வகை 2 சாதாரண தரத்தோடு முடிந்துவிடும். வகை 3 ஆரம்ப வகுப்புகளுக்கானது. தோட்டப் புறங்களில் இருப்பவை பெரும்பாலும் வகை 2, வகை 3. அதாவது எந்தப் பிரிவில் சலுகை இருக்கிறதோ அந்தப் பிரிவைப் படிக்கவே பக்கத்தில் பாடசாலை இல்லை. தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு இரசாயனவியல் ஆசிரியர் இருப்பது 5 வீதக் கோட்டாவைவிடப் பலமான உதவி என்று நான் சொல்வது இதனால்தான். பல்கலைக்கழக வாசலில் தரும் சலுகை அந்த வாசல்வரை வந்தவருக்கு மட்டுமே.

## வட்டியில்லாக் கடன்

உயர்தரத்தில் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியைத் தொடாதவர்களுக்காக 2017இல் தொடங்கிய திட்டம் இது. அரசு அங்கீகரித்த தனியார் நிறுவனங்களில், அங்கீகரித்த பட்டப்படிப்புக்கு வங்கி கடன் தரும். வட்டியை அரசு கட்டும். வாங்கிய தொகையை மாணவர் கட்டுவார், படிப்பு முடிந்து ஒரு சலுகைக் காலம் கழிந்த பிறகு மாதாமாதம்.

தீபாவளி அட்வான்ஸ் போலத்தான். வட்டி இல்லை என்பதால் கடன் இல்லை என்று ஆகிவிடாது. கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை: கடன் முழுக் கட்டணத்தையும் மூடுகிறதா, மீதியை யார் கட்டுவது, பெரும்பாலான நிறுவனங்கள் கொழும்பைச் சுற்றி இருப்பதால் தங்குமிடத்துக்கு என்ன வழி, ஆங்கில மொழிமூலத்தை முதல் வருடத்திலேயே சமாளிக்க முடியுமா, வங்கி கேட்கும் உத்தரவாதி கிடைப்பாரா. தோட்டக் குடும்பத்துக்கு உத்தரவாதிதான் பெரிய தடை. உறவில் ஆசிரியரோ அரச ஊழியரோ இருந்தால் வழி திறக்கும், இல்லாவிட்டால் தகுதியிருந்தும் நிற்க வேண்டியதுதான். கடனில் விழவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பாதியில் விட்ட படிப்புக்கும் முழுக் கடன் கட்ட நேரிடலாம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

செலவு குறைந்த பாதைகளும் உண்டு. பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் தங்கியிருந்தே படிக்கலாம், மாதக் கொடுப்பனவு கிடைக்கும், முடித்தால் ஆசிரியர் பணி. கண்டி, பதுளை உயர் தொழில்நுட்ப நிறுவனங்களில் முழுநேர உயர் தேசிய டிப்ளோமாவுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. திறந்த பல்கலைக்கழகம் கட்டணம் வாங்கும், ஆனால் ஹட்டனிலும் பண்டாரவளையிலும் அதன் நிலையங்கள் இருப்பதால் வேலையை விடாமல் படிக்கலாம்.

## பணம் எப்போது வரும்?

உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, பதிவு நடந்து, விரிவுரை தொடங்குவதற்குள் பல மாதங்கள் போய்விடும். சில மாணவர் தொகுதிகளுக்கு ஒரு வருடத்துக்கும் மேல். அந்த இடைவெளியில் நம் பிள்ளைகள் பலர் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். சம்பளம் வீட்டுக்கு வரத் தொடங்கிய பிறகு அதை நிறுத்திவிட்டுப் படிக்கப் போ என்று சொல்வது எந்த அம்மாவுக்கும் எளிதில்லை.

அப்புறம் பதிவு நடக்கும். செலவு அன்றே தொடங்கும்: அறைக்கு முன்பணம், மெத்தை, பஸ், முதல் மாதச் சாப்பாடு. உதவித்தொகை அன்று வராது. விண்ணப்பம், வருமானச் சரிபார்ப்பு, தெரிவு, பல்கலைக்கழகம் அனுப்பும் பட்டியல் எல்லாம் முடிந்த பிறகே முதல் தவணை. தவணைகள் தாமதமாவதும், மாணவர்கள் அதற்காகக் குரல் கொடுப்பதும் திரும்பத் திரும்ப நடக்கிறது. சேமிப்புள்ள குடும்பத்துக்கு இது ஒரு சிரமம், அவ்வளவுதான். நாட்சம்பளக் குடும்பம் காதுத் தோட்டைக் கழற்றி அடகு வைக்கும், அல்லது சீட்டைத் தள்ளி எடுக்கும். தொகையைக் கூட்டுவது நல்லதுதான். ஆனால் முதல் தவணையைப் பதிவு நாளிலேயே கையில் கொடுத்தால், அதே காசுக்கு இரண்டு மடங்கு பயன் இருக்கும். உதவித்தொகைக் கொள்கை பற்றிப் பேசும் நம் பிரதிநிதிகள் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அதுவரை குடும்பங்கள் செய்யக்கூடியது, அந்த முதல் சில மாதங்களுக்குத் தனியாகத் திட்டமிடுவது. உயர்தரம் எழுதும்போதே பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு திறந்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள், சிங்களத்திலிருந்து ஆங்கிலத்துக்கு எழுதும்போது ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சரிசெய்ய வாரங்கள் போகும். லயன்களுக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதம் தோட்ட ஆபிஸுக்குப் போய்த் தாமதமாகிறது. முடிந்தால் டவுனில் நம்பிக்கையான ஒருவரின் முகவரியைக் கொடுங்கள், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையதளத்தையும் நீங்களே பாருங்கள். இந்திய உயர்ஸ்தானிகராலயத்தோடு இணைந்து இயங்கும் தோட்டத் தொழிலாளர் கல்வி அறக்கட்டளையின் புலமைப்பரிசில் போன்ற வெளி உதவிகளுக்கும் சேர்த்து விண்ணப்பியுங்கள்.

மகாபொல பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அதோடு விட்டுவிடாதீர்கள். பல்கலைக்கழகத்தின் மாணவர் நலன்புரிப் பிரிவுக்குப் போய்ப் பர்சரிக்கு என்ன செய்ய வேண்டும், மேன்முறையீட்டுக்குக் கடைசித் திகதி எது என்று கேளுங்கள். போகும்போது அந்த வருடச் சம்பளச் சீட்டுகளின் பிரதியையும், வீட்டில் இன்னும் படிக்கும் தம்பி தங்கைகளின் பாடசாலைக் கடிதத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.